பட்டா யார் பேரில்?

நெமிலித் தாய்மார்களே!

நாற்று நடுவது யார்? களை பறிப்பது யார்? மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவது யார்? நீங்கள்தான். ஆனால் சொட்டுநீர்க் குழாய் கேட்டு அலுவலகப் படி ஏறினால் முதல் கேள்வி என்ன? "பட்டா யார் பேரில் இருக்கு?" மாமனார் பேரில்! அவர் போய்ச் சேர்ந்து எத்தனையோ வருஷம். பட்டாவில் மட்டும் இன்னும் உயிரோடு இருக்கிறார்.

சிறு, குறு விவசாயிக்குச் சொட்டுநீர்ப் பாசனத்தில் நூறு சதவீத மானியம் என்கிறது அரசு. நல்ல திட்டம்தான். ஆனால் சிட்டா, அடங்கல், சிறு விவசாயி சான்று என்று அது கேட்கிற காகிதங்களில் யார் பேர் இருக்கிறது? 2015-16 வேளாண் கணக்கெடுப்பில், நாடு முழுக்கப் பெண்கள் நடத்துவதாகப் பதிவான நிலப் பிடிப்புகள் நூற்றுக்குப் பதினான்குதான். வாய்மொழிக் குத்தகைக்குப் பயிர் வைப்பவளிடம் காட்ட ஒரு துண்டுக் காகிதமும் கிடையாது.

நிலமும் தண்ணீரும் பெண் கையில் இல்லாவிட்டால் அடுப்படியிலும் குறைதான். ஆனால் "ரேஷனில் அரிசி போடுகிறோமே, அப்புறம் என்ன பசி?" என்கிறார்கள். அரிசி வருகிறது, யார் மறுத்தது? கீரையும் கத்தரிக்காயும் அவரையுமா ரேஷன் கடையில் போடுகிறீர்கள்? மோட்டார் பெட்டிச் சாவி ஒருத்தி கையில் இருந்தால், பத்து சென்டில் காய்கறி விளையும். வீட்டுக் குழம்புக்குப் போக மிச்சம் சந்தைக்குப் போகும். அந்தக் காசு அவள் சுருக்குப் பைக்கு வரும். சாவி வீட்டுக்காரர் இடுப்பில் இருந்தால் தண்ணீர் கரும்புக்குத்தான் முதலில் போகும். கோபப்படாதீர்கள் ஐயா, உண்மையைத்தான் சொல்கிறேன்!

தண்ணீர் கெட்டாலும் அடி பெண்ணுக்குத்தான். நம் பாலாற்றைப் பாருங்கள். வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைத் தோல் ஆலைக் கழிவு கிணறுகளைக் கெடுத்தது. மாசு செய்தவனே ஈடு கட்டவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28-இல் சொன்னது. 2025 ஜனவரி 30-இல் அதே நீதிமன்றம் அதே பாலாற்றுக்காக மறுபடியும் தீர்ப்பு எழுத வேண்டி வந்தது! இடையில், கிணறு கெட்ட வயலில் நடவுக் கூலியை இழந்தவள் எங்கே போனாள்? ஷூ கம்பெனி வண்டி ஏறினாள். தண்ணீரைக் கெடுத்த தொழிலுக்கே உழைப்பையும் கொடுத்தாள்.

மறுபடி பட்டாவுக்கு வருவோம். 2025 ஏப்ரல் முதல், பெண்கள் பேரில் பத்து லட்சம் வரையிலான சொத்து வாங்கினால் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறைவு. வாங்கப் போகிறவளுக்குச் சலுகை, ஏற்கெனவே உழைக்கிறவளுக்கு?

மார்ச் 22, உலகத் தண்ணீர் நாள் கிராம சபைக்கு ஒருத்தி விடாமல் வாருங்கள். கணவன் மனைவி பேரில் கூட்டுப் பட்டா, மோட்டார் இணைப்பிலும் மானியத்திலும் பெண் பேர், குத்தகைக்காரிக்குச் சான்று, ஏரிப் பாசனச் சங்கத்தில் இடம்: இந்த நான்கையும் தீர்மானமாக எழுதிக் கொண்டு வாருங்கள். பதிவேட்டில் ஏறும்வரை ஒருவரும் எழுந்து போகாதீர்கள்!