கமரா இல்லாத குறும்படங்களும் எங்கள் பிள்ளைகளும்



வரி காலத்தில் இந்த ஒலிவாங்கிக்கு முன்னால் என்னைக் கேட்டுப் பழகியவர்கள், இன்றைக்கும் ஓய்வூதியச் சேமிப்பைப் பற்றித்தான் பேசப்போகிறேன் என்று நினைத்திருப்பீர்கள். இல்லை. இம்மாதம் குறும்படத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். கமரா இல்லை, நடிகர் இல்லை, வெளிச்சம் பிடிக்க ஆள் இல்லை. என்ன காட்சி வேண்டும் என்று கணினியில் எழுதினால், அது சில விநாடிப் படமாக வந்து நிற்கிறது. அப்படி வந்த துண்டுகளைக் கோத்து எங்கள் ரெக்ஸ்டேல் பிள்ளைகளும் குறும்படம் செய்யத் தொடங்கிவிட்டார்கள். கணக்காளனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்பீர்கள். பொறுங்கள், கணக்கும் வரும்.

முதலில் இது எப்படி நடக்கிறது என்று சுருக்கமாகச் சொல்கிறேன். பழைய தொலைக்காட்சியில் நிலையம் பிடிபடாவிட்டால் திரை முழுக்கப் புள்ளி மழை பெய்யுமே, நினைவிருக்கிறதா? செயற்கை நுண்ணறிவுக் கருவி அந்தமாதிரியான புள்ளிக் குழப்பத்தில்தான் தொடங்குகிறது. ஏற்கனவே பார்த்துப் பழகிய ஏராளமான படங்களையும் காணொளிகளையும் வைத்து, நீங்கள் எழுதிய வசனத்துக்குப் பொருந்தும்படி அந்தப் புள்ளிகளைப் படிப்படியாக ஒழுங்குபடுத்திக்கொண்டு வருகிறது. அது எதையும் நேரில் கண்டதில்லை. மற்றவர்கள் எடுத்து வைத்ததிலிருந்து ஊகிக்கிறது. இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

இந்தக் கதையின் முக்கியமான ஓர் அத்தியாயம் எங்கள் ரொறன்ரோவிலேயே நடந்தது. 2024 மார்ச்சில் ஓப்பன் ஏ.ஐ. நிறுவனம், சோரா என்ற தனது கருவியைப் பொதுமக்களுக்குத் திறக்க முன்னரே சில கலைஞர்களிடம் கொடுத்துப் பார்த்தது. அவர்களில் ஒரு குழு ரொறன்ரோவைச் சேர்ந்த ஷை கிட்ஸ். வோல்டர் வுட்மன், சிட்னி லீடர், பற்றிக் சீடர்பேர்க் ஆகியோர் அதன் ஆட்கள். அவர்கள் செய்த "எயர் ஹெட்" என்ற படத்தில், தலைக்குப் பதிலாக மஞ்சள் பலூன் உள்ள ஒரு மனிதன் தன் கதையைச் சொல்கிறான். ஒன்றரை நிமிடமும் இல்லை. உலகம் முழுவதும் பார்த்தது. "இனிக் கமராவைத் தூக்கி எறியலாம்" என்று எழுதியவர்களும் உண்டு.

இப்போது கணக்குக்கு வருகிறேன். அந்தப் படத்தின் பின்வேலைகளைச் செய்த சீடர்பேர்க் பின்னர் ஒரு நேர்காணலில் உள்ளதை உள்ளபடி சொன்னார். மூன்று பேர், ஒன்றரை இரண்டு வாரம். கருவியிடம் வாங்கியதற்கும் கடைசியில் படத்தில் நின்றதற்கும் ஏறத்தாழ 300க்கு 1 என்ற விகிதம் இருக்கும் என்றார். படம் 80 விநாடி என்று வையுங்கள். 300ஆல் பெருக்கினால் 24,000 விநாடி. அதாவது 6 மணித்தியாலம் 40 நிமிடம் பார்த்துக் கழித்துத்தான் அந்த 80 விநாடி கிடைத்திருக்கிறது. பலூனில் கேளாமலே முகம் முளைக்கும். அதையெல்லாம் கையால் அழித்திருக்கிறார்கள். கதை சொல்லும் குரல் மனிதக் குரல். வுட்மனும் சீடர்பேர்க்கும் புதியவர்களும் அல்லர். அப்போது ரயர்சன் என்று பெயர் இருந்த பல்கலைக்கழகத்தில் படிக்கும்போதே செய்த "நோவா" என்ற குறும்படத்துக்கு, 2013 ரொறன்ரோ சர்வதேசத் திரைப்பட விழாவில் சிறந்த கனேடியக் குறும்பட விருது வாங்கியவர்கள். ஆகவே "பொத்தானை அமத்தினால் படம்" என்று விளம்பரம் சொன்னால், பற்றுச்சீட்டைக் காட்டு என்று நான் கேட்பேன்.

அதன்பிறகு கருவிகள் வேகமாக வளர்ந்துவிட்டன என்பதும் உண்மை. 2025 மே மாதம் கூகிள் வெளியிட்ட வேயோ 3 எட்டு விநாடித் துண்டை ஒலியோடு சேர்த்தே தந்தது. இதனால் வேலை போகும் என்ற பயமும் பொய்யல்ல. சோராவைப் பார்த்த அமெரிக்க இயக்குநர் டைலர் பெரி, அட்லான்ராவில் 800 மில்லியன் டொலருக்குத் திட்டமிட்டிருந்த கலையக விரிவாக்கத்தை 2024 பெப்ரவரியில் நிறுத்திவைத்தார். இன்னொன்று, இதை ஒரு சொத்தாக ஐந்தொகையில் எழுத நினைப்பவர்களுக்கு: கட்டளை எழுதிக் கொடுத்தது மட்டும் ஒருவரை ஆக்கியோன் ஆக்காது என்று அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் 2025 ஜனவரியில் கூறிவிட்டது.

இனி எங்கள் பக்கத்துக்கு வருவோம்.

எங்கள் ஒலிப்பதிவுக்குச் சனிக்கிழமைகளில் உதவ வரும் தம்பி ஒருவன் இருக்கிறான். பிறந்தது இங்கே. அம்மம்மாவின் 1995 ஒக்டோபர் 30 இடப்பெயர்வை நாலு நிமிடப் படமாகச் செய்யவேண்டும் என்று அவனுக்கு ஆசை. நியாயமான ஆசை. லெனின் எம். சிவம் "1999" படத்தை ரொறன்ரோவில் எடுக்க முடிந்தது, ஏனென்றால் அது ரொறன்ரோக் கதை. வலிகாமத்துச் சனம் இலட்சக்கணக்கில் ஒரே இரவில் தென்மராட்சிக்கு நடந்த கதையை ரெக்ஸ்டேலில் எங்கே எடுப்பது? 1986 ஓகஸ்டில் 155 பேர் உயிர்காப்புப் படகுகளில் நியூபவுண்ட்லாண்ட் கடலில் மிதந்த கதையை எந்தப் பிள்ளை சொந்தக் காசில் எடுக்கும்? காசில்லாதவனுக்கும் கடலைக் கொடுக்கிற கருவி இது. அதை வேண்டாம் என்று சொல்ல நான் யார்?

தம்பி எழுதிக் கொடுத்தான், கருவி படம் கொடுத்தது. அம்மம்மாவுக்குப் போட்டுக் காட்டினான். நானும் கூட இருந்தேன். அகலமான வீதி, இரண்டு பக்கமும் தென்னை, நல்ல வெயில். சனம் இடம்விட்டு இடம்விட்டு நடந்து போகிறது. அம்மா கண்ணாடியைச் சரிசெய்து பார்த்துவிட்டுச் சொன்னார்:

"உதென்னடா, கோயில் வீதியில காத்து வாங்கப் போற மாதிரிப் போகுதுகள்? அண்டைக்குக் கால் வைக்க இடமில்லை. மழை வேற. நாவற்குழிப் பாலத்தடியில மணித்தியாலக் கணக்கா ஒரே இடத்தில நிண்டனாங்கள். தண்ணி விடாய்க்குப் பிள்ளையள் குடையைக் கவிட்டுப் பிடிச்சு மழைத்தண்ணி குடிச்சதுகள். பனை எங்க?"

கருவி ஏன் அப்படிச் செய்தது? முதலில் சொன்னதை நினைத்துப் பாருங்கள். பிறர் எடுத்து வைத்த படங்களிலிருந்துதான் அது ஊகிக்கிறது. அந்த இரவில் எங்கள் சனத்தை நின்று படமெடுக்க உலகத்துத் தொலைக்காட்சிகள் வரவில்லை. எடுக்கப்படாத சனத்தை அதற்குத் தெரியாது. அதனால் வேறெங்கோ நடந்த ஆட்களைக் கொண்டுவந்து எங்கள் வீதியில் விட்டுவிட்டது.

தம்பி விடவில்லை. அம்மம்மா சொன்னதையெல்லாம் எழுதி, மழையும் நெருக்கமும் இருட்டும் சேர்த்து, பழைய வீடியோ நாடாவில் எடுத்தது போலக் கீறலும் கறையும் போட்டு இரண்டாம் தடவை செய்தான். நேயர்களே, எனக்கே மயிர் கூச்செறிந்தது. ஒரு துண்டைக் குடும்பக் குழுவில் போட்டான். பத்து நாளில் அது லண்டனில் இருந்து திரும்பி என் கைத்தொலைபேசிக்கே வந்தது. மேலே எழுதியிருந்தது: "1995 இடப்பெயர்வின் கிடைத்தற்கரிய வீடியோ. அனைவருக்கும் பகிருங்கள்."

இந்த இடத்தில்தான் எனக்குப் பயம் வந்தது.

2009 ஓகஸ்ட் 25ஆம் திகதி பிரித்தானியாவின் சனல் 4 தொலைக்காட்சி ஒரு காணொளியை ஒளிபரப்பியது. கைகள் கட்டப்பட்ட நிர்வாணமான ஆண்கள் சுடப்படும் காட்சி. அதில் யாருடைய பிள்ளை இருக்கிறானோ என்று எத்தனை வீடுகளில் நிறுத்தி நிறுத்திப் பார்த்தோம் என்பதை நான் சொல்லத் தேவையில்லை. இலங்கை அரசு அதைப் போலி என்றது. அதற்கென நிபுணர்களையும் கொண்டுவந்து நிறுத்தியது. ஐ.நா.வின் சிறப்பு அறிக்கையாளர் பிலிப் அல்ஸ்ரன் தடயவியல் மருத்துவர், காணொளி ஆய்வாளர், துப்பாக்கி நிபுணர் என மூன்று சுயாதீன வல்லுநர்களிடம் கொடுத்துப் பார்த்து, அது உண்மையானது என்றே சான்றுகள் வலுவாகக் காட்டுகின்றன என்று 2010 ஜனவரியில் அறிவித்தார். ஒரு காணொளி உண்மை என்று உலகத்தை ஏற்கவைக்க எங்களுக்கு எவ்வளவு பாடு! அதுவும் இந்தக் கருவிகள் பிறக்க முன்னர்.

இன்றைக்கு எங்கள் பிள்ளைகளே, நல்ல எண்ணத்தோடு, அந்தக் காலத்து நாடா போல ஒன்றைச் செய்து உலவவிட்டால் என்ன நடக்கும்? நாளைக்கு ஓர் அசல் சாட்சியம் எங்காவது பெட்டிக்கு அடியிலிருந்து வெளியே வரும்போது, "உங்கட பெடியள் கனடாவில இருந்து செய்ததுதானே" என்று சொல்ல மறுதரப்புக்கு ஒரு வாசல் திறந்திருக்கும். வெளியாரை விடுங்கள். 2023 மாவீரர் நாளன்று இணையத்தில் வந்த ஓர் உரைக் காணொளி மெய்யா செய்ததா என்று எங்கள் வீடுகளுக்குள்ளேயே எவ்வளவு வாக்குவாதம் நடந்தது!

ஆகவே படம் செய்யும் பிள்ளைகளிடம் நான் கேட்பது பேரேட்டு ஒழுங்கு. "இது செயற்கையாக உருவாக்கிய காட்சி" என்ற வரி படத்தின் முடிவில் பெயர்களோடு ஓடினால் போதாது. ஒவ்வொரு காட்சியின் மேலும் நிற்கவேண்டும், ஏனென்றால் ஊர் சுற்றுவது முழுப்படம் அல்ல, வெட்டிய துண்டுதான். கூகிள் போன்ற நிறுவனங்கள் கண்ணுக்குத் தெரியாத குறியைத் தங்கள் காணொளிக்குள் வைக்கின்றன. நல்லது. ஆனால் லண்டன் பெரியம்மா அந்தக் குறியைத் தேடிப் பார்த்துவிட்டா அனுப்பப்போகிறா? பழைய நாடா போலக் கறை போடுவதை அடியோடு விடவேண்டும் என்பது என் கருத்து. இதில் தம்பிக்கும் எனக்கும் ஒரு பின்னேரம் முழுக்க வாக்குவாதம். "அங்கிள், படத்தில நம்பவைக்கிறதுதானே வேலை" என்றான். கதையை நம்பவைக்கலாம், அதற்கு ஆவணத்தின் சட்டையைப் போடக்கூடாது என்றேன். எந்தத் துண்டு எந்தக் கருவியில், எந்தத் திகதியில், என்ன எழுதி வந்தது என்று ஒரு கொப்பியில் எழுதி வைக்கவும் சொன்னேன்.

அனுமதியும் அப்படித்தான். "லால் சலாம்" படத்துக்காக ஏ.ஆர்.ரகுமான் மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது ஆகியோரின் குரல்களை 2024இல் இப்படி மீட்டெடுத்தபோது, குடும்பத்தாரிடம் அனுமதி வாங்கிச் சன்மானமும் கொடுத்ததாகச் சொன்னார். மறுபுறம், "அம்பிகாபதி" படத்தின் சோக முடிவை மாற்றி 2025 ஓகஸ்டில் திரும்ப வெளியிட்டபோது, இயக்குநர் ஆனந்த் எல். ராயும் நடிகர் தனுஷும் பகிரங்கமாக எதிர்த்தார்கள். எங்களுக்கு இதில் இன்னொரு சிக்கல் உண்டு. ஊரில் இன்னும் இருக்கிற உறவினரின் முகம் உள்ள குடும்பப் படங்களைக் கருவிக்குள் ஏற்றாதீர்கள். அந்த முகம் பிறகு எங்கே, எந்தக் கூட்டத்துக்குள் போய் நிற்கும் என்பது உங்கள் கையில் இல்லை.

தம்பி மூன்றாம் தடவை செய்துகொண்டிருக்கிறான். இம்முறை கரிக்கோட்டு ஓவியம் அசைவது போலக் கருவியிடம் கேட்டு வாங்குகிறான். யாரும் அதை அசல் வீடியோ என்று அனுப்ப முடியாது. குரல் முழுக்க அம்மம்மாவுடையது, எங்கள் நிலையத்தில் பதிந்தது. நாவற்குழிப் பாலம் வரும்போது திரை கறுப்பு. நாற்பது விநாடி குரல் மட்டும். அம்மாவுக்கு ஒரேயொரு குறை. தங்கட சைக்கிள் கரியரில் ஒரு தையல் மெசின் கட்டியிருந்தது, அது வரவேண்டும் என்கிறார். நான் இதை எழுதும்வரை பதினாறு தரம் கேட்டுப் பார்த்துவிட்டான். ஒவ்வொரு தரமும் மெசின் சில்லோடு உருகி ஒட்டிப்போய் வருகிறது. அந்த ஒரு காட்சியைப் பென்சில் எடுத்துத் தானே கீறப் போவதாகச் சொல்லியிருக்கிறான். மெசினின் அளவெல்லாம் அம்மம்மா கையால் காட்டிக் கொடுத்துவிட்டார்.