பொறுத்துப் பூக்கும் செடி

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரை)



வைத்தியர் ஒருவரை மேடையில் ஏற்றினால் நீரிழிவு, இரத்த அழுத்தம் என்றுதான் பேசுவார் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். நான் இன்று ஒரு பூச்செடியைப் பற்றிப் பேசப் போகிறேன். அதன் பெயர் கமேலியா. நானுஓயா, நுவரெலியா, ஹட்டன் பக்கத்துப் பழைய பங்களாத் தோட்டங்களில் பார்த்திருப்பீர்கள். கரும்பச்சை இலை, பளபளப்பு; குளிர்காலத்தில் வெள்ளை, இளஞ்சிவப்பு, சிவப்பு என்று ரோசாவைப் போலப் பூக்கும்.

இந்தச் செடி நமக்கு அந்நியமானதல்ல. தேயிலையும் கமேலியா இனம்தான். இரண்டும் அக்கா தங்கை. வாரா வாரம் கொழுந்து எடுப்பதாலும், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கவ்வாத்து வெட்டுவதாலும் தேயிலை பூக்க வழியில்லாமல் நிற்கிறது. எடுக்காமல் விட்ட செடியைப் பாருங்கள். மஞ்சள் மகரந்தம் நிறைந்த சின்ன வெள்ளைப் பூ அதிலும் வரும்.

அப்படியானால் பங்களாவில் பூத்த அக்கா, லயத்து வாசலில் ஏன் பூக்கவில்லை? நம்மவர்களுக்குப் பூ ஆசை குறைவு என்று யாரும் சொல்ல முடியாது. லயத்து வாசலில் டாலியா இருந்தது, செவ்வந்தி இருந்தது, பழைய தகரப் பேணியில் ரோசாவும் இருந்தது. எல்லாம் சீக்கிரம் பூக்கும் செடிகள், அல்லது தூக்கிக்கொண்டு போகக்கூடிய செடிகள். பதியன் வைத்த கமேலியா பூக்க மூன்று நான்கு ஆண்டுகளாகும். விதை போட்டால் இன்னும் அதிக காலம் பிடிக்கும். 1948 பிரஜாவுரிமைச் சட்டம் நம் பாட்டன் பாட்டிமாரை நாடற்றவர்களாக்கியது. 1964 ஒப்பந்தத்தில் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இங்கே என்று இரண்டு அரசாங்கங்களும் கணக்குப் போட்டன. அடுத்த வருடம் எந்த ஊரில் இருப்போம் என்று தெரியாதவர், நான்கு வருடம் கழித்துப் பூக்கும் செடியை யாருக்காக நடுவார்?

இன்று நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது. 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடு பிரஜாவுரிமைப் பிரச்சினை பெரும்பாலும் தீர்ந்தது. இன்னும் பலர் லயத்தில்தான் இருக்கிறார்கள். ஆனாலும் சில குடும்பங்களுக்கு 7 பேர்ச் காணியும் தனி வீடும் கிடைத்திருக்கின்றன. அந்த 7 பேர்ச்சில் ஒரு மூலையைக் கேட்கத்தான் வந்திருக்கிறேன்.

வளர்க்கும் முறை நம் அம்மாமாருக்கு ஏற்கனவே தெரியும். விபி தேயிலை நாற்றுமேடையில் வேலை செய்த பெண்ணைக் கேளுங்கள். ஓர் இலையும் ஒரு கணுவும் உள்ள துண்டைப் புளிப்பு மண் நிரப்பிய பையில் நட்டு, நிழலும் ஈரமும் கொடுத்து வேர்விடச் செய்வார். கமேலியாவுக்கும் அதே முறைதான். தேயிலை வளரும் மண்ணில் இதுவும் வளரும். வேர் மேலாகவே ஓடும். ஆகவே ஆழமாகப் புதைக்காதீர்கள், அடியைக் கொத்தாதீர்கள். மானாப் புல்லோ காய்ந்த இலையோ பரப்பி, தண்டைத் தொடாமல் விடுங்கள்.

நம் ஊரின் சோதனைக் காலம் தை, மாசி. மழை இல்லை, காற்று காய்ந்தது, வானம் தெளிந்த இரவுகளில் உறைபனி. மொட்டுகள் பூப்பதற்குப் பல மாதம் முன்பே உருவாகிவிடும். அந்த மாதங்களில் வேர் காய்ந்தால் செடி உடனே எதையும் காட்டாது. பல நாள் கழித்து மொட்டுகள் பழுப்பாகி உதிரும். எனவே வறட்சியில் தினமும் தெளிப்பதை விட வாரம் ஒருமுறையாவது வேர் வரை நனைய ஊற்றுவது நல்லது. குளிர்க்காற்று பள்ளத்தில் தேங்கும். ஆகவே பள்ளத்தை விட்டு, சரிவில் நடுங்கள். விடியற்காலை வெயில் நேராகப் படும் இடமும் வேண்டாம். உறைந்த மொட்டு சட்டென்று உருகினால் கருகிவிடும். பனி வரும் இரவில் நான்கு கம்பு நட்டு மேலே ஒரு சாக்கு போட்டால் போதும், காலையில் எடுத்துவிடலாம். வெட்டுவதென்றால் பூத்து முடிந்ததும் வெட்டுங்கள். தாமதித்து வெட்டினால் அடுத்த வருடப் பூவையும் சேர்த்து வெட்டியதாகும்.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள். அடுப்புச் சாம்பலைப் போடாதீர்கள். சாம்பல் மண்ணின் புளிப்பைப் போக்கிவிடும். அப்போது மண்ணில் இரும்பு இருந்தும் வேரால் எடுக்க முடியாது. நரம்பு பச்சையாக இருக்க, இலை மஞ்சளாகும்.

வைத்தியர் இங்கேதான் உள்ளே வருகிறார். நம் பெண்கள் பலருக்கும் நடப்பது இதுதான். கீரை சாப்பிடுகிறார்கள், கிளினிக்கில் தந்த இரும்பு மாத்திரையும் போடுகிறார்கள். அதன் கையோடு ஒரு கோப்பை சாயத் தண்ணி. தேயிலையில் உள்ள தனின் அந்த இரும்பை உடம்பில் சேரவிடாமல் பிடித்துக்கொள்கிறது. மாத்திரைக்கும் சாப்பாட்டுக்கும் தேத்தண்ணிக்கும் நடுவே ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். மாத்திரையை எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீரோடு குடித்தால் இன்னும் நல்லது. மலையில் நாள் முழுக்க நிற்கும் பெண்ணுக்கு வரும் களைப்பையும் மூச்சு வாங்குதலையும் "வேலை அலுப்பு" என்று தள்ளிவிடாதீர்கள். இரத்தத்தைச் சோதிக்கச் சொல்லுங்கள்.

வெளிநாட்டில் இருக்கும் சகோதரிகளுக்கும் ஒரு வார்த்தை. லண்டனில் கமேலியா வெளியிலேயே வளரும். டொரன்டோ குளிரைத் தாங்காது. தொட்டியில் வைத்து, குளிர்காலத்தில் உறையாத, வெளிச்சமுள்ள அறைக்குள் எடுங்கள்.

சங்கத்துக்கு என் வேண்டுகோள் இது. நூற்றாண்டு நினைவாகக் கல் வைப்பதோடு ஒரு சிறிய நாற்றுமேடையும் வைப்போம். அம்மாமார் சொல்லித்தர, மாணவிகள் பதியன் போடட்டும். பள்ளியை விட்டுப் போகும் ஒவ்வொரு பிள்ளையும் ஒரு கன்றை வீட்டுக்குக் கொண்டு போகட்டும். சாதாரண தரத்தோடு படிப்பை நிறுத்தச் சொல்லும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. நான்கு வருடம் காத்திருந்தால் என்ன கிடைக்கும் என்று கேட்கும் அந்த வீட்டு வாசலில் இப்படி ஒரு செடி நிற்கட்டும். பதிலை நாம் வாயால் சொல்ல வேண்டியிருக்காது.