நாற்காலியும் ஒப்பமும்
(வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



கவிதை பற்றிப் பேசுவேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். நான் பேச வந்தது ஊராட்சி மன்றத்து நாற்காலி ஒன்றைப் பற்றி. பொறுத்தருள்க.

அரசியல் சட்டத்தின் 73ஆம் திருத்தம் 1993 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. மறு ஆண்டே தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம். 1996 அக்டோபர்த் தேர்தலில் உறுப்பினர், தலைவர் பதவிகளில் மூன்றில் ஒரு பங்கு மகளிர்க்கு ஒதுக்கப்பட்டது. 2016இல் அது பாதியாக உயர்ந்து, 2019 டிசம்பரில் நம் மாவட்டத்திலும் செயலுக்கு வந்தது.

2021இல் ஒருநாள் கொள்ளிடம் கடந்து, மண்ணச்சநல்லூர்ப் பக்கம் ஓர் ஊராட்சிக்குச் சென்றேன். ஊர்ப்பெயர் வேண்டாம். பலகையில் அம்மையார் பெயர். நாற்காலியில் அவர் கணவர். ‘தலைவரைக் காண வேண்டும்’ என்றேன். ‘நான்தான், சொல்லுங்க’ என்றார். ஊரில் கைப்பம்புகள் எத்தனை என்று கேட்டேன். அவர் கோப்பைத் தேடினார். வாசலில் நூறுநாள் வேலைப் பெண்களோடு நின்றிருந்த அம்மையார், எந்தத் தெருவில் எத்தனை, எது எத்தனை நாளாகப் பழுது என்று அங்கிருந்தே சொல்லி முடித்தார். பெண்ணுக்கு நிர்வாகம் தெரியாது என்போர் அன்று உடனிருந்திருக்க வேண்டும்.

கணவர் மட்டுமே தடையென்று எண்ணிவிடலாகாது. ஊராட்சிப் பணத்தை எடுக்கத் தலைவர், துணைத்தலைவர் இருவர் ஒப்பமும் வேண்டும். துணைத்தலைவர் பதவிக்கோ ஒதுக்கீடு இல்லை. தலைவர் ஆதிதிராவிடப் பெண்ணாகவும், துணைத்தலைவர் ஆதிக்க சாதியினராகவும் அமைந்த ஊரில், அந்த இரண்டாம் ஒப்பம் வராவிட்டால் தெருவிளக்கு எரியாது. பழி தலைவர் மேல் விழும். 2020 அக்டோபரில் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில், பட்டியலினப் பெண் தலைவர் தரையில் அமர்ந்திருக்க, மற்றவர் நாற்காலியில் அமர்ந்திருந்த படம் நாடெங்கும் பரவியது, வழக்கும் பதிவாயிற்று. நாற்காலியைச் சட்டம் ஒதுக்கியது. உட்கார விடவில்லை ஊர்.

ஒதுக்கீடு வீண் என்று இதனால் சொல்வோரோடு நான் உடன்படேன். ஒதுக்கீடு இல்லையேல் அப்பெண் தரையில் இருப்பதை எவரும் செய்தியாகக் கருதியிருக்க மாட்டார்கள். ஆயினும் சட்டத்தோடு வேறொன்றும் வேண்டும். அண்டையிலுள்ள புதுக்கோட்டையில், ஷீலாராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, அறிவொளி இயக்கம் எழுத்தோடு மிதிவண்டியையும் கற்பித்தது. 1992 மகளிர் நாளன்று 1,500க்கும் மேற்பட்ட பெண்கள் மிதிவண்டியில் ஊர்வலம் வந்தனர். கையெழுத்தும், தானே ஓரிடம் போய்வரும் துணிவும் ஒருங்கே வந்தன. அலுவலகம் செல்லக் கணவரின் வண்டியை எதிர்பார்ப்பவர், அவர் சொல்லையும் எதிர்பார்க்க நேர்கிறதல்லவா?

இனி நம்மைப் பற்றி. பெண்ணைக் காவிரி என்றோம், தாய் என்றோம். அகப்பாடல் மரபில் காத்திருக்கும் ‘தலைவி’யை நன்கறிவோம், ஒப்பமிடும் தலைவியை நம் கவிதைகளில் நான் காணவில்லை. பத்தாண்டுப் பதிவேட்டையும் புரட்டினேன். நம் கூட்டங்களுக்குத் தலைமையேற்ற பெண்களை எண்ண ஒரு கைவிரல்கள் போதும். அதிலும் விரல் மிஞ்சும்.

அன்று விடைபெறும்போது அம்மையார் என் பையிலிருந்த கவிதைநூலை வாங்கிப் புரட்டினார். தாமும் எழுதுவதுண்டு என்றார், கணவர் காதில் விழாமல். கூட்டத்துக்கு வாருங்கள் என்றேன். எத்தனை மணிக்கு என்று கேட்டார். ஆறரைக்குத் தொடங்கி ஒன்பதுக்கு முடியும் என்றேன்.

அந்நேரத்தில் அவ்வூருக்குத் திரும்பப் பேருந்து இல்லை.