லயத்து வீடுகளும் உள்ளறைக் காற்றும்

மலைக்காற்று உடலுக்கு நல்லது என்பது நம்மவரிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் நம்பிக்கை. போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டு வழியாக மேலேறிச் சின்னக்கானலுக்கு வருபவர், ஆனையிறங்கல் நீர்த்தேக்கத்தையும் அதனைச் சூழ்ந்த தேயிலைச் சரிவுகளையும் கண்டு, இங்கு வாழ்பவருக்கு நோய் ஏது என்று வியப்பதுண்டு. அந்த வியப்பில் பாதிதான் உண்மை. வெளியில் வீசும் காற்றும் வீட்டுக்குள் தங்கும் காற்றும் ஒன்றல்ல. கொழுந்தெடுக்கும் பெண் பகலெல்லாம் வெட்டவெளியில் நிற்கிறார்; எனினும் விடியலுக்கு முன்னும் அந்திக்குப் பின்னும் அவர் அடுப்பங்கரையில்தான் இருக்கிறார்; இரவு முழுவதும் அடைத்த அறையில் உறங்குகிறார். கைக்குழந்தையும் முதியவரும் பகலிலும் உள்ளேயே இருக்கின்றனர். ஆகவே, நம் வீட்டுக்குள் இருக்கும் காற்று எத்தகையது, அதனைச் சோதித்தறிவது எப்படி என்பதைப் பற்றி இன்று சில செய்திகளைக் கூற விரும்புகிறேன்.

மூன்று தலைமுறைக்கு முன் தமிழ்நாட்டிலிருந்து மலையேறி வந்த நம் முன்னோர் குடியிருந்த வரிசை வீடுகளை இடுக்கி மாவட்டத்தில் லயம் என்கிறோம். பாலக்காட்டு நெல்லியாம்பதியில் பாடி என்கிறார்கள். பெயர் எதுவாயினும் அமைப்பு ஏறக்குறைய ஒன்றே. ஒரே கூரையின் கீழ்ப் பல குடும்பங்கள். முன்னே ஓர் அறை, பின்னே அடுப்பங்கரை, சிறிய சாளரம் ஒன்றோ இரண்டோ. குளிரும் சாரலும் அதனைத் திறக்க விடுவதில்லை. காட்டானை அச்சம் வேறு. அரிசி தேடி வீடுகளையும் கடைகளையும் உடைத்த அரிக்கொம்பன் என்னும் யானையை 2023 ஏப்ரல் 29ஆம் நாள் மயக்க ஊசி செலுத்திப் பிடித்துப் பெரியாறு காட்டுக்குக் கொண்டு சென்றதை நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள். இத்தகைய ஊரில் இரவு கதவைத் திறந்து வையுங்கள் என்று அறிவுரை கூறுவது எளிது. கேட்பவர் நிலை வேறு. அதனால்தான் அளந்து பார்த்து, எங்கே எவ்வளவு காற்று வேண்டும் என்று அறிவது இன்றியமையாததாகிறது.

முதலில் புகையைக் கவனிப்போம். கிராண்டிஸ் விறகும், கவாத்து வெட்டிய தேயிலைக் குச்சிகளும் மழைக்காலத்தில் ஈரம் உலராமல் அடுப்பில் வைக்கப்படுகின்றன. ஈர விறகு எரிவதைவிடப் புகைவதே மிகுதி. அப்புகையில் கண்ணுக்குத் தெரியும் கரியைவிடக் கண்ணுக்குப் புலப்படாத நுண்துகளே கொடியது. இரண்டரை மைக்ரானுக்குக் குறைந்த இத்துகள், தலைமயிரின் பருமனில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்கு. மூக்கும் தொண்டையும் இதனைத் தடுப்பதில்லை. நுரையீரலின் கடைசி அறைவரை சென்று தங்குகிறது. இருமல், மூச்சிரைப்பு, குழந்தைகளின் நிமோனியா, இதயநோய் ஆகியவற்றுக்கு இது துணைபோகிறது. உலகம் முழுவதும் 2020ஆம் ஆண்டில் மட்டும் சுமார் 32 இலட்சம் பேர் வீட்டுப் புகையால் உயிரிழந்தனர் என உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது.

நம் நாட்டில் இதனை முதன்முதலாக முறைப்படி அளந்தவருள் ஒருவர் கர்க் ஸ்மித் என்னும் அமெரிக்க அறிஞர். அவர் தம் துணைவருடன் குஜராத்தின் சிற்றூர்களில் அடுப்பருகே அமர்ந்து சமைக்கும் பெண்களின் ஆடையில் சிறு கருவியைப் பொருத்தி அளந்து, அதன் முடிவை 1983இல் வெளியிட்டார். பின்னர்ச் சென்னைப் போரூரிலுள்ள ஸ்ரீராமச்சந்திரா மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த கல்பனா பாலகிருஷ்ணனும் அவருடைய குழுவினரும் தமிழ்நாட்டின் நான்கு மாவட்டங்களில் 436 வீடுகளில் அளவெடுத்தனர். 2002இல் வெளியான அவ்வாய்வின்படி, விறகெரிக்கும் வீடுகளில் சமையல் நேரத்தில் ஒரு கன மீட்டர் காற்றில் 500 முதல் 2,000 மைக்ரோகிராம் வரை சுவாசத்துகள் இருந்தது. இரண்டரை மைக்ரான் துகளுக்கு ஒரு நாள் சராசரியாக நம் நாட்டின் வெளிக்காற்று வரம்பு 60 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் 2021இல் வகுத்த வரம்பு 15 மட்டுமே. அந்த ஆய்வு அளந்தது சற்றுப் பெரிய துகளையும் சேர்த்து, சமையல் வேளைக்கு மட்டும். ஆதலால் இவ்வெண்களை நேருக்கு நேர் நிறுத்தல் ஆகாது. ஆயினும் வேறுபாட்டின் பெருமை விளங்குகிறதன்றோ!

இரண்டாவது பகை கார்பன் மோனாக்சைடு. இதற்கு நிறமில்லை, மணமில்லை. குருதியிலுள்ள சிவப்புப் பொருளோடு உயிர்க்காற்றைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுகப் பற்றிக்கொள்ளும். குளிர் காயத் தணல் நிறைந்த கரிச் சட்டியை அறைக்குள் வைத்துக் கதவடைத்து உறங்குவது குளிர்மலை ஊர்களில் உயிர்களைப் பறித்த பழக்கம். புகை அடங்கிவிட்டது, இனித் தீங்கில்லை என்று எண்ணுவதே இதில் பெரும் பிழை. புகையற்ற தணலிலிருந்துதான் இந்த நஞ்சு ஓசையின்றி எழுகிறது. எத்தனை குளிராயினும் உறங்கும் அறையில் தணல் கூடாது. தலைவலியும் மயக்கமும் வீட்டிலுள்ள பலருக்கும் ஒரே வேளையில் தோன்றினால், காரணம் ஆராயாமல் உடனே எல்லோரும் வெளியே வந்துவிட வேண்டும்.

இனிச் சோதனை முறைக்கு வருவோம். நுண்துகளை அளக்க இருவகை வழிகள் உண்டு. ஒன்று, சிறு பம்பினால் காற்றை இழுத்து வடிதாளில் படியச் செய்து, அதனை முன்னும் பின்னும் நிறுப்பது. இது ஆய்வுக்கூட வேலை. மற்றொன்று, துகள்மீது ஒளியைப் பாய்ச்சிச் சிதறலைக் கொண்டு அளவு கூறும் சிறு கருவி, கையடக்கமானது. கருவியை அடுப்பிலிருந்து ஒரு மீட்டர் தொலைவில், தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில், கதவு சாளரங்களுக்கு ஒன்றரை மீட்டர் விலகி வைக்க வேண்டும். லயத்து அடுப்பங்கரை அத்தனை அகலமில்லையெனில், இயன்ற இடத்தில் வைத்து அந்த இடத்தைக் குறித்துக்கொண்டு, ஒவ்வொரு முறையும் அங்கேயே வைக்கலாம். இருபத்துநான்கு மணி நேரமாவது இயங்க வேண்டும். உறங்கும் அறையிலும் வீட்டு வாசலிலும் அவ்வாறே அளந்தால்தான் ஒப்பிட இயலும்.

அருகில் ஒரு குறிப்பேடு இருத்தல் நலம். அடுப்பு எப்போது மூட்டப்பட்டது, வெந்நீர் எப்போது காய்ச்சப்பட்டது, சாம்பிராணியோ கொசுவர்த்தியோ எப்போது ஏற்றப்பட்டது என்று எழுதி வைக்க வேண்டும். ஒரு கொசுவர்த்திச் சுருள் முழுதும் எரிந்தால் வெளிப்படும் நுண்துகள், 75 முதல் 137 சிகரெட்டுகள் வெளியிடுவதற்குச் சமம் என 2003இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. குறிப்பில்லாத எண்ணால் பயனில்லை. எண்ணும் செயலும் சேர்ந்தால்தான் காரணம் புலப்படும்.

நம் மலைக்கே உரிய இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. மூடுபனி சூழ்ந்த வேளையில் ஈரத்தால் துகள் பருப்பதனாலும், பனித்துளியையே துகளெனக் கொள்வதனாலும், ஒளிக்கருவி உள்ளதைவிட மிகுத்துக் காட்டும்; ஆகையால் பனி விலகிய நாளிலும் அளந்து ஒப்பிடுக. காற்றோட்டத்தை மதிப்பிட உதவும் கார்பன் டையாக்சைடு கருவியோ இதற்கு மாறானது. உயரம் ஏறக் காற்றழுத்தம் குறைவதால், உயரத்துக்கேற்பத் திருத்தாத கருவி உள்ளதைவிடக் குறைத்தே காட்டும். வெளிக்காற்றில் இவ்வாயு பத்து இலட்சத்தில் 420 பங்களவு உள்ளது. அடைத்த அறையில் அது 1,000 பங்கைத் தாண்டினால் காற்றோட்டம் போதவில்லை என்று கொள்ளலாம்.

சில குறைகளை அறியக் கருவியே வேண்டியதில்லை. பூஞ்சணத்துக்கு எண்ணளவில் வரம்பு வகுக்கவில்லை என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் 2009ஆம் ஆண்டு நெறிமுறை. கண்ணில் தெரிந்தாலும் மூக்கில் பட்டாலும் போதும், நீக்க வேண்டியதே. ஈரம் எங்கிருந்து வருகிறதென அறிய, ஒரு சாண் பிளாஸ்டிக் தாளைச் சுவரில் நாற்புறமும் ஒட்டி இரண்டு நாள் விட்டுப் பாருங்கள். தாளின் உட்புறம் நனைந்திருந்தால் ஈரம் சுவரினூடே வருகிறது. வெளிப்புறம் நனைந்திருந்தால் அறையின் நீராவி படிகிறது. முன்னதற்குக் கூரையையும் வடிகாலையும் சீர்செய்ய வேண்டும். பின்னதற்குக் காற்றோட்டம் வேண்டும். கல்நார்த் தகட்டுக் கூரையிலோ சோதனைக்கென்று ஒரு துண்டையும் உடைத்தல் ஆகாது. பழைய சிமெண்டுத் தகடென்றால் கல்நார் உண்டென்றே கொண்டு, துளையிடாமலும் உலர்ந்த நிலையில் சுரண்டாமலும் விடுவதே காப்பு.

அளந்தபின் செய்ய வேண்டுவது என்ன? விறகை மழைக்கு முன்பே வெட்டி உலர்த்துதல், கூரைக்கு மேல் உயர்ந்த புகைபோக்கி, அடுப்புக்கு நேர் மேலே யானைக்கு எட்டாத உயரத்தில் கம்பியிட்ட புகைத்துளை ஆகியவை உடனே பயன் தருவன. எரிவாயு அதனினும் சிறந்தது. தமிழ்நாடு, குவாத்தமாலா, பெரு, ருவாண்டா ஆகிய நான்கு இடங்களில் 3,200 கருவுற்ற பெண்களிடையே நடந்த பேராய்வில், எரிவாயு பெற்றவர்களிடம் நுண்துகள் 24 மைக்ரோகிராம் அளவிலும், விறகு எரித்தவர்களிடம் 71 அளவிலும் இருந்தது. எனினும் பிறந்த குழந்தைகளின் எடையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை என்று 2022இல் வெளியான முடிவு கூறியது. ஒரு வீடு மட்டும் சில மாதங்கள் புகை நீங்கினால் எல்லா நலமும் வந்துவிடும் என்று எதிர்பார்க்கலாகாது என்பதை இதிலிருந்து உணர்கிறோம். லயத்திலோ ஒரு வீட்டுப் புகை கூரையிடுக்கு வழியே மறுவீட்டுக்குச் செல்கிறது. ஆதலால் வரிசை முழுவதும் சேர்ந்து மாறுவதே முறை. தேநீருக்கு எரிவாயு, வெந்நீருக்கு விறகு என்று இரண்டும் நடக்கும் வீட்டில், வெந்நீர் அடுப்பை முற்றத்துக்கு மாற்றுவதே முதற்படி.

இறுதியாக ஒன்று. லயத்து வீடு குடியிருப்பவருக்குச் சொந்தமன்று. சுவரில் துளையிடவும் கூரையை மாற்றவும் அவருக்கு உரிமையில்லை. தொழிலாளர்க்கு வீடு அமைத்துப் பேணும் கடமையை 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் தோட்ட முதலாளிமீது வைத்தது. 2020ஆம் ஆண்டின் தொழிற்பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம், குடிநீர், சமையலறை, கழிப்பறை ஆகியவற்றோடு கூடிய வீடு என்று விரித்துக் கூறுகிறது. சமையலறை என்றால் மூச்சுவிடக்கூடிய சமையலறை என்றே பொருள்கொள்ள வேண்டும். "புகை தாங்க முடியவில்லை" என்று கூறும் பெண்ணுக்கு, "மலையில் எல்லா வீட்டிலும் இப்படித்தான்" என்பதே பெரும்பாலும் கிடைக்கும் விடை. நாள், நேரம், இடம், அளவு ஆகியவற்றைக் குறித்த நான்கு பக்கக் குறிப்பேட்டுக்கு அவ்வாறு விடை கூறிவிட முடியாது. லயத்துக்கு ஒரு கருவி, வீட்டுக்கு ஒரு குறிப்பேடு என்று தொடங்குங்கள். ஊராட்சி வாசகசாலையோ, தொழிற்சங்கமோ, பள்ளியின் அறிவியல் ஆசிரியரோ இதற்கு முன்னின்றால் வேலை எளிதாகும்.