ஒலிக்கலவையும் பத்து விரலும்



பாட்டும் வயலினும் மிருதங்கமும் தனித்தனியே பதிவாகிக் கணினிக்குள் இருக்கின்றன. அவற்றை அளவறிந்து ஒன்றுசேர்ப்பதே ஒலிக்கலவை. முன்னர் இதற்கென ஒரு மேசை இருந்தது. பத்து விரலுக்கும் வேலை இருந்தது. மென்பொருள் வந்தபின் மவுஸைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு கட்டையாக நகர்த்துகிறோம். குரலைத் தணிக்கும் அதே கணத்தில் மிருதங்கத்தை உயர்த்த இயலாது. அதனினும் பெரிய கேடு, கண் திரையில் ஒட்டிக்கொள்ளக் காது தூங்கிவிடுவது.

இக்குறையைத் தீர்க்க வந்ததே கட்டுப்பாட்டுப் பலகை. கட்டையைத் தள்ளும்போது அது கணினிக்கு அனுப்புவது ஒலியன்று, வெறும் இலக்கம். 1983இல் வெளிவந்த மிடி என்னும் பொதுமொழியில் சாதாரணக் கட்டளைக்கு 0 முதல் 127 வரை 128 படிகளே உண்டு. மெல்லெனத் தேய வேண்டிய தம்புராவுக்கு இது போதாமற் போகலாம். மக்கி கொன்ட்ரோல் முறையிலோ 16,384 படிகளுக்கு இடமுண்டு.

ஆர்டர் என்னும் மென்பொருளை எடுத்துக்கொள்வோம். (பெயரைக் கேட்டுச் சாப்பாட்டுக் கடையை நினைத்துவிடாதீர்கள்! பால் டேவிஸ் என்பவர் தொடக்கிய மென்பொருள் அது.) பலகையை யூ.எஸ்.பி. கம்பியால் இணைத்து, மக்கி முறைக்கு மாற்றுங்கள். பின்பு ஆர்டரின் விருப்பத்தேர்வுகளிற் கட்டுப்பாட்டுப் பலகைகள் என்ற பகுதியில் மக்கியை இயக்கி, செய்தி வரும் வழி, போகும் வழி இரண்டையும் தெரிவு செய்யுங்கள்.

பலர் இடறுவது இங்கேதான். வரும் வழியை மட்டும் தெரிவு செய்தாலும் கட்டையைத் தள்ள ஒலி மாறும். எல்லாம் சரியென்றே தோன்றும். ஆனால் பலகையில் உள்ளவை எட்டுக் கட்டைகள். ஒன்பதாவது தடத்துக்குப் போகப் பொத்தானை அமுக்கினால், மோட்டார்கள் கட்டைகளைப் புதிய தடங்களின் அளவுக்கு நகர்த்த வேண்டும். செய்தி திரும்பிப் போகாவிடின் அவை பழைய இடத்திலேயே நிற்கும். விரல் பட்டதும் ஒலி துள்ளும். ஏற்றத்தாழ்வுகளைப் பதிவு செய்யும் வேளையாயின், நேற்று இரவெல்லாம் இருந்து செய்த வேலையும் அழியும். ஆகவே மவுஸால் திரையிலுள்ள கட்டையை நகர்த்திப் பாருங்கள். பலகையிலுள்ள கட்டை தானே அசைந்தாலன்றி வேலையைத் தொடங்காதீர்கள்.

மோட்டார் இல்லாத மலிவுப் பலகையை இகழ வேண்டாம். ஆர்டரிற் பொது மிடி முறையைத் தெரிவு செய்து, மோட்டார் உண்டு என்ற அடையாளத்தை நீக்கிவிடுங்கள். நமது கட்டை மென்பொருளின் அளவைத் தொடும்வரை ஒலி அசையாது, தொட்டபின்தான் கூடவரும்.

கைத்தொலைபேசியையும் பலகையாக்கலாம். அதற்கு ஓ.எஸ்.சி. என்ற மொழி உதவும். ஆர்டர் அதனை 3819 என்ற வாயிலிற் கேட்கும். கண்ணாடித் திரையில் விரலுக்குப் பிடியில்லை என்பதால் நுண்ணிய கலவைக்கு அதனை நான் விரும்புவதில்லை. ஆயினும் மண்டபத்தின் கடைசி வாங்கிலில் அமர்ந்து, அங்குள்ளவர்க்கு எப்படிக் கேட்கிறதென அறிந்தபடியே குரலைச் சற்று உயர்த்த அதனைப்போல் உதவும் கருவி வேறில்லை. தொலைபேசியும் கணினியும் ஒரே வைஃபையில் இருக்கின்றனவா என்பதைச் சனம் வருமுன்னரே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.