ராஜாதித்தனை எழுப்பிவிட்டவர்கள்



போன வாரம் நம் கோலார் தங்கவயலில் ஒரு பள்ளிக்கூட விழா. பெயர் சொல்ல மாட்டேன்; வாத்தியார் இந்தக் கூட்டத்திலேயே இருக்கலாம். நாடகம், தக்கோலப் போர். என் பேரன்தான் சோழ இளவரசன் ராஜாதித்தன். ரெண்டு பெஞ்சை அடுக்கிக் கறுப்புக் கம்பளி போர்த்தினால் யானை. எதிரே அட்டைக் கிரீடம் வைத்த கங்க மன்னன் பூதுகன். அம்பு பாய்ந்தது, பேரன் விழுந்தான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. விழுந்தவன் எழுந்தான்! எழுந்து பூதுகனை வெட்டினான்! ஒரே விசில்.

ஐயா, 949-இல் யானைமேல் செத்தவனுக்கு எந்த டாக்டர் ஊசி போட்டார்?

வாத்தியாரைக் கேட்டேன். "தோத்தோம்னு சொன்னா பிள்ளைங்க மனசு ஒடஞ்சிடும் சார்" என்கிறார். சோழனுக்கே உடையாத மனசு! அவன் வம்சமே செப்பேட்டில் எழுதி வைத்தது, எங்கள் ராஜாதித்தன் யானைமேல் அம்பு பாய்ந்து வீரசுவர்க்கம் போனான் என்று. 'யானைமேல் துஞ்சிய தேவர்' என்று பெயரே வைத்தார்கள். தொண்டை மண்டலம் கையைவிட்டுப் போனது.

இன்னொரு கூட்டம் இருக்கிறது. "ஜெயிச்சது நாங்க, மூட்டையைக் கட்டுங்க" என்று நம் தமிழர்களைப் பார்த்துச் சொல்கிறது, என்னவோ நேற்று சாயங்காலம் கிரிக்கெட் ஆடிவிட்டு வந்த மாதிரி! அந்தத் தம்பிகளுக்கும் சொல்கிறேன்: சுவரைப் படியுங்கள், கல்லைப் படியுங்கள்.

எந்தக் கல்? மண்டியா பக்கம் ஆதகூர்க் கல். இப்போது பெங்களூரு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தக்கோலத்தில் பூதுகன் சோழனைக் கொன்றதையும், ராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணன் மகிழ்ந்து அவனுக்கு வனவாசி பன்னீராயிரம் முதலான நாடுகளைக் கொடுத்ததையும் கன்னடத்தில் சொல்கிறது. ஆனால் அந்தக் கல் நட்டது யாருக்கு? நாய்க்கு! பூதுகனுடைய வீரன் மணலேரன். அவன் நாய் காளி. காட்டுப்பன்றியோடு மோதியது, பன்றியும் செத்தது, நாயும் செத்தது. அதற்குத்தான் அந்த நடுகல். இதைச் சொன்னால் எந்தப் பிள்ளை தூங்கும்? நம் வாத்தியார் நாடகத்தில் குதிரை இருந்தது, யானை இருந்தது, நாய் இல்லை!

அந்தக் கல்லை முதலில் படித்தவர்கள் பூதுகன் வஞ்சகமாகக் குத்தினான் என்று படித்தார்கள். அப்புறம் அவர்களே திருத்திக்கொண்டார்கள்: அம்பாரியே போர்க்களமாகக் குத்திக் கொன்றான் என்று. ஒரு வரியில் சதிகாரன் வீரனாகிவிட்டான். படிக்கச் சொல்லிக்கொடு என்கிறேன், வெட்டச் சொல்லிக்கொடுக்கிறார்கள்!

சரி, "நாங்க", "நீங்க" யார்? குவளாலபுரத்துத் தலைவன் என்பது கங்கர்களின் பட்டம். குவளாலம் என்றால் இந்தக் கோலார். தக்கோலம் எங்கே? அரக்கோணத்துப் பக்கம், பழைய வடஆற்காடு ஜில்லா. சுரங்கத்துக்கு நம் பாட்டன்மார் எங்கிருந்து வந்தார்கள்? நிறையப் பேர் அதே வடஆற்காட்டிலிருந்து! தோற்ற மண்ணிலிருந்து கிளம்பி, ஜெயித்தவன் ஊருக்கு வந்து, மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கித் தங்கம் வெட்டியவர்கள் நாம். இப்போது யார் கட்சியில் உட்காருவது? என் வீட்டுக் குழாயடியிலே தமிழும் கன்னடமும் தெலுங்கும் ஒரே குடத்துக்குச் சண்டை போடுகின்றன. அங்கே தக்கோலமா நடக்கிறது?

தோல்வி கூடாதாம். 2001 பிப்ரவரி 28, சுரங்கத்தை மூடினார்களே, அது யார் ஜெயித்த நாள்? என் அப்பா ராக் பர்ஸ்ட்டில், சுரங்கப் பாறை வெடித்ததில், காது கேட்காமல் போனவர். மூடிய பிறகும் சுரங்கச் சங்கு ஊதுகிற நேரத்துக்கு வீட்டில் சட்டையை மாட்டிக்கொண்டு நிற்பார். சங்கும் இல்லை, ஷிப்டும் இல்லை. இதையும் நாடகமாகப் போட்டு, கடைசியில் சுரங்கத்தைத் திறந்துவிடுவீர்களா? வெட்கமாயில்லை!

கோபப்படவேண்டாம் என்று தலைவர் சைகை காட்டுகிறார். சரி.

தக்கோலத்துக்கு அரை நூற்றாண்டு கழித்து சோழன் ராஜராஜன் கங்கர் நாடான கங்கவாடியைப் பிடித்தான். அவன் மகன் ராஜேந்திரன் காலத்துத் தமிழ்க் கல்வெட்டு கோலாரம்மன் கோயிலில் இருக்கிறது. இங்கிருந்து முப்பது கிலோமீட்டர்தான். நாமெல்லாம் போகிறோம், தேள் கொட்டக்கூடாது என்று அங்கே இருக்கிற தேள் தெய்வம் சேளம்மாவின் உண்டியல் குழியில் காசு போடுகிறோம், திரும்பி வருகிறோம். சுவரைப் பார்த்தவர் கை தூக்குங்கள். பாருங்கள், ஒரு கை! அதுவும் மைக்செட்காரர் கை!

நாடகத்துக்குச் செலவு செய்த காசில் அந்தப் பிள்ளைகளைச் சுவர் முன்னால் நிறுத்தியிருக்கலாம். வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு ராபர்ட்சன்பேட்டை பஸ் ஸ்டாண்டில் பேரனோடு நிற்பேன். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். வாத்தியாரும் வரட்டும். சேளம்மாவுக்குப் போட ஆளுக்கு ஒரு ரூபாய் எடுத்து வாருங்கள்.