வாசலைப் பாருங்கள்

அடுப்பில் ஒரு கண்ணும் டி.வி.யில் ஒரு கண்ணுமாக உட்கார்ந்திருக்கும் சகோதரிகளே!

"ஒரு கூட்டம் சமயமா, 'கல்ட்'டா என்று காட்டுவது அதன் கொள்கையே? அதன் நடத்தையே?" இதுதான் இன்றைய தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தலைவி அம்மா, பெரிய பேராசிரியர். அழகாகச் சொன்னார்கள். கொள்கை உயர்வாக இருந்தால் அது சமயம், கொள்கை கோணலாக இருந்தால் அது ஒரு ஆளைச் சுற்றி நிற்கிற அடிமைக் கூட்டம், கல்ட் என்றார்கள். கேட்க எவ்வளவு நல்லா இருந்தது! எங்க அணித் தம்பியே கை தட்டிட்டாரு. நான்தான் கையைப் பிடிச்சு, "தம்பி, நாம இந்தப் பக்கம்"னு சொன்னேன். (சிரிப்பு)

அம்மா, உங்களிடம் ஒரு கொள்கையைச் சொல்கிறேன். மதிப்பெண் போடுங்க. கறுப்பரும் வெள்ளையரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து வழிபட வேண்டும். பசித்தவனுக்குச் சோறு போட வேண்டும். வயதானவர்களை வைத்துக் காப்பாற்ற வேண்டும். சொத்து எல்லாருக்கும் பொது. எத்தனை மார்க்? நூற்றுக்கு நூறு போடலாமா? போட்டுட்டீங்க. இந்தக் கொள்கையைச் சொன்னவர் பெயர் ஜிம் ஜோன்ஸ். (சலசலப்பு)

1950-களில் அமெரிக்காவில் இண்டியானாபொலிஸ் என்கிற நகரத்தில் சபை ஆரம்பித்தார். கறுப்பர்களுக்குத் தனிக் கோயில், வெள்ளையர்களுக்குத் தனிக் கோயில் என்று இருந்த காலம் அது. அவர் எல்லாரையும் ஒன்றாக உட்கார வைத்தார். பிறகு கலிபோர்னியாவுக்குப் போனார். 1976-ல் சான் பிரான்சிஸ்கோ மேயர் அவரை நகர வீட்டுவசதி ஆணையத்தில் உறுப்பினராக்கினார். 1977 ஜனவரியில் மார்ட்டின் லூதர் கிங் பெயரால் ஒரு மனிதாபிமான விருதும் கொடுத்தார்கள். கொள்கையைப் பார்த்துத்தானே கொடுத்தார்கள்?

ஒண்ணு புரிஞ்சுக்கணும் நாம. எவனும் "நான் நாளைக்குப் போய் ஒரு கல்ட்டில் சேரப் போறேன்"னு வீட்டில் சொல்லிட்டுக் கிளம்பறதில்லை. நல்ல காரியத்தில் சேரப் போறேன்னுதான் கிளம்பறான். அந்தப் பிள்ளை பொய் சொல்லலை, அவன் கண்ணுக்குத் தெரிஞ்சது அதுதான். சேர்ந்த பிறகுதான் ஒவ்வொண்ணா வரும். சம்பளத்தைக் கொடு. வீட்டை எழுதிக் கொடு. தலைவரை "அப்பா"ன்னு கூப்பிடு. பெத்த அப்பன் ஊர்ல காத்துக்கிட்டிருப்பான்!

அடுத்தது கயானா. நம்ம கிரிக்கெட் ரசிகர்களுக்கு நல்லாத் தெரியும், ரோஹன் கன்ஹாய், கிளைவ் லாயிட் பிறந்த நாடு. அங்கே காட்டுக்கு நடுவில் 1974 முதல் ஒரு குடியிருப்பைக் கட்டினார்கள். பெயர் ஜோன்ஸ்டவுன். தலைவர் பெயரிலேயே ஊர்! 1977-ல் பத்திரிகையில் அவரைப் பற்றி உண்மைகள் வெளியே வந்த நேரத்தில், கூட்டத்தைக் கூட்டமாக அங்கே கொண்டு போய்விட்டார். ஏறக்குறைய ஆயிரம் பேர். போய் இறங்கியதும் என்ன நடந்தது தெரியுங்களா? பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டார்கள். எழுதும் கடிதத்தைப் படித்துப் பார்த்துத்தான் அனுப்பினார்கள். காலையிலிருந்து ராத்திரி வரைக்கும் ஒலிபெருக்கியில் தலைவர் குரல். சுற்றிலும் காடு, காட்டுக்கு முன்னால் துப்பாக்கியோடு காவல்.

கொள்கை மாறிச்சா? இல்லை நடுவர் அவர்களே! அதே சமத்துவம், அதே பொதுச் சொத்து. மாறினது ஒண்ணே ஒண்ணு. உள்ளே வர வாசல் இருந்தது, வெளியே போக வாசல் இல்லை. (கைதட்டல்)

உறவினர்கள் கலிபோர்னியாவில் கதறினார்கள். லியோ ரயன் என்கிற நாடாளுமன்ற உறுப்பினர், நேரில் பார்த்துவிடுவோம் என்று பத்திரிகையாளர்களை அழைத்துக்கொண்டு 1978 நவம்பர் 17-ஆம் தேதி அங்கே போனார். அன்று ராத்திரி விருந்து, பாட்டு, ஆட்டம். எல்லாரும் சிரிக்கிறார்கள். அந்தச் சிரிப்புக்கு நடுவில் ஒருவர் பத்திரிகையாளர் கையில் ஒரு துண்டுச் சீட்டை வைத்தார். எங்களை இங்கிருந்து வெளியே கொண்டு போக உதவி பண்ணுங்கள் என்று அதில் எழுதியிருந்தது. மறுநாள் கிளம்பும்போது ரயனோடு சேர்ந்து வெளியே வந்தவர்கள் பதினைந்து பேர் அளவில்தான். ஆயிரம் பேரில் பதினைந்து!

நம்ம ஊர்க் கோயில்ல, பள்ளிவாசல்ல, மாதா கோயில்ல, வருஷத்துக்குப் பதினைந்து பேர் வராம நின்னா யாருக்காவது தெரியுமா? பூசாரியே கவனிக்க மாட்டாரு. ஆனா அங்கே அந்தப் பதினைந்து பேர் போனதைத் தலைவரால் தாங்க முடியலை. விமானத் திடலுக்கு ஆட்களை அனுப்பிச் சுட்டார்கள். ரயன், பத்திரிகைத் துறையைச் சேர்ந்த மூன்று பேர், வெளியேறிய ஒரு பெண், ஆக ஐந்து பேர் செத்தார்கள். சீட்டு கொடுத்தவரும் குண்டடி பட்டார், பிழைத்துக்கொண்டார். அவருடைய சின்னப் பையன் ஊருக்குள்ளேயே இருந்தான். அப்புறம் வந்து கூட்டிப் போகலாம் என்று நினைத்திருந்தார்.

அன்று மாலை ஜோன்ஸ்டவுனில் பழச்சாற்றுத் தூள் கரைத்த தண்ணீரில் சயனைடு கலந்தார்கள். முதலில் குழந்தைகளுக்குக் கொடுத்தார்கள். ஊருக்குள் மட்டும் 909 பேர். அன்றைக்கு மொத்தம் 918. அதில் முந்நூறுக்கு மேல் பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளைகள். சீட்டு கொடுத்தவருடைய பையனும் அதில் ஒருவன். (அமைதி)

கடைசி முக்கால் மணி நேரம் ஒலிநாடாவில் பதிவாகியிருக்கிறது. அதில் ஒரு பெண் எழுந்து நின்று தலைவரிடம் வாதாடுகிறார். இந்தக் குழந்தைகள் வாழத் தகுந்தவர்கள் இல்லையா என்று கேட்கிறார். அவரை அடக்கியது யார்? ஜோன்ஸ் கூட நிதானமாகத்தான் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார். அடக்கியது கூட்டம்! பக்கத்தில் உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிட்டவர்கள்! தலைவர் மட்டும் அந்தப் பானத்தைக் குடிக்கவில்லை. தலையில் குண்டுக் காயத்தோடு கிடந்தார்.

எதிரணியில் ஒரு தம்பி முணுமுணுக்கிறார், "சார், அவங்க ஏழை ஜனங்க, ஏமாந்துட்டாங்க"ன்னு. தம்பி, ஜப்பானுக்கு வாங்க. ஷோகோ அசஹாரா. 1984-ல் டோக்கியோவில் யோகா வகுப்பாக ஆரம்பித்தது. பெயர் என்ன தெரியுமா? ஓம்! நம்ம ஓம்! ஓம் ஷின்ரிக்கியோ. உள்ளே யார் இருந்தார்கள்? விஞ்ஞானம் படித்தவர்கள், என்ஜினியர்கள், ஒரு இதய அறுவை மருத்துவர். இத்தனை படிச்சவங்க இருந்த கூட்டத்தில் குரு குளிச்ச தண்ணிக்கு விலை வச்சான், காசு கொடுத்து வாங்கிக் குடிச்சாங்க. (சிரிப்பு) சிரிக்கிறோம். ஆனா 1989-ல் டோக்கியோ பெருநகர அரசு அந்தக் கூட்டத்தைச் சட்டப்படி ஒரு சமய அமைப்பாகப் பதிவு செய்து கொடுத்தது. முத்திரை குத்திய சமயம்! அதே ஆண்டு நவம்பரில், பிள்ளைகளைப் பறிகொடுத்த பெற்றோருக்காக வாதாடிய வக்கீலை, அவர் மனைவியை, கைக்குழந்தையைக் கொன்றார்கள். என்ன கேட்டார் அந்த வக்கீல்? "பிள்ளையை வீட்டுக்கு விடு" என்பதுதானே?

1995 மார்ச் 20, டோக்கியோ சுரங்க ரயில். காலை நேரம், ஆபீஸ் போகிற கூட்டம். ஐந்து ரயில்களில் பையில் சாரின் விஷத்தை வைத்து, கூர் தீட்டிய குடை நுனியால் குத்தினார்கள். குத்தியவர்களில் அந்த இதய மருத்துவரும் ஒருவர். பதின்மூன்று பேர் இறந்தார்கள். 25 ஆண்டு படுக்கையில் கிடந்த இன்னொருவர் 2020-ல் இறந்தார். 2018-ல் அசஹாராவையும் சேர்த்துப் பதின்மூன்று பேருக்குத் தூக்கு.

அவன் எடுத்துக்கொண்ட பௌத்தத்தை ஜப்பானில் ஆயிரக்கணக்கான கோயில்களில் ஓதுகிறார்கள். அங்கேயெல்லாம் யாராவது விஷம் காய்ச்சினார்களா? ஏடு ஒண்ணுதான். நடத்தை வேற.

"சின்னதா இருந்தா கல்ட், பெருசா வளர்ந்தா மதம்"னு ஒருத்தர் ஜோக் அடிச்சாரு. பார்சிகள் 2011 கணக்கெடுப்பில் இந்தியா முழுக்க 57,264 பேர். நம்ம ஊர்ல ஒரு நகராட்சிக்கே அதைவிட ஜனம் அதிகம். அது கல்ட்டா? தலையை எண்ணி முடிவு பண்ண இது எலெக்‌ஷன் இல்லைங்க! (கைதட்டல்)

குருவை நம்பறதே தப்புன்னு நான் சொல்ல வரலை. ராமானுசர் வரலாற்றில் வைணவர்கள் சொல்வது உங்களுக்குத் தெரியும். திருக்கோட்டியூர் நம்பியிடம் மந்திரம் கேட்கப் பதினெட்டு முறை நடந்தார். வெளியே சொன்னால் நரகம் என்று கண்டித்துச் சொல்லிக் கொடுத்தார் குரு. இவர் என்ன செய்தார்? நேரா கோபுரத்து மேல ஏறி ஊருக்கே சொல்லிட்டாரு! குருவின் ஆணையை மீறின சீடன். ஜோன்ஸ்டவுனாக இருந்தால் அன்றைக்கே காட்டுக்குள்ளே கதை முடிஞ்சிருக்கும். நம்பி என்ன செய்தார்? சீடனைக் கட்டிக்கொண்டு "எம்பெருமானாரே" என்றார். மீறின சீடன்கிட்ட குரு தோத்துப் போனாரு, அதை மறைக்காம இன்னிக்கு வரைக்கும் பெருமையாச் சொல்லிக்கிட்டிருக்கு அந்தச் சமயம். (பலத்த கைதட்டல்)

ரொம்பத் தட்டாதீங்க. அடுத்ததுக்குத் தட்ட மாட்டீங்க. பழைய சமயம், பெரிய சமயம் என்று பலகை மாட்டிய இடத்தில் வாசல் எப்போதும் திறந்தே இருக்குதா? வேற மதத்தில், வேற சாதியில் கல்யாணம் பண்ணிக்கிட்ட பொண்ணுக்குத் தலை முழுகின வீடு நம்ம தெருவில் இல்லையா? அப்பா செத்த சேதி கூட அவளுக்குச் சொல்லாத வீடு இல்லையா? அந்த வீட்டில் சாமி படம் மாட்டியிருக்கும், வேதம் இருக்கும், எல்லாம் இருக்கும். அன்னிக்கு அந்த வீடு நடந்துகொண்டது ஜோன்ஸ்டவுன் மாதிரிதான். என் அளவுகோலை எடுத்துவிட்டேன், அது என் வீட்டையும் அளக்கும். எதிரணி அளவுகோலில் அந்த வசதி உண்டு, அது பக்கத்து வீட்டை மட்டும்தான் அளக்கும். (சிரிப்பு, கைதட்டல்)

நடுவர் மணி மேல கை வைக்கிறாரு. ஒரே நிமிஷம் ஐயா.

எதிரணி அம்மா ஒரு கேள்வி கேட்டார்கள். "கொள்கையைப் பார்க்காமல் என் மகனை எப்படி அனுப்புவேன்?" என்று. நியாயமான கேள்வி, தாயுடைய கேள்வி. அம்மா, மகன் எங்கேயோ தியானம், சத்சங்கம், ஜெபக் கூட்டம்னு போறானா? அவன்கிட்ட சாஸ்திரம் பேசித் தோற்கடிக்கப் பார்க்காதீங்க, அதுக்கு அவனுக்கு அங்கே பாடம் சொல்லிக் கொடுத்திருப்பாங்க. பாட்டி செத்தா வீட்டுக்கு வர விடறாங்களான்னு பாருங்க. சம்பளம் அவன் கையில் இருக்குதான்னு பாருங்க. குருவைப் பற்றி ஒரு வார்த்தை குறையாச் சொன்னா சிரிக்கிறானா, நடுங்கறானான்னு பாருங்க. நடுங்கினா, தயவுசெய்து "இனிமே இந்த வீட்டுப் படி மிதிக்காதே"ன்னு மட்டும் சொல்லிடாதீங்க. அங்கே தினமும் அவன் காதில் ஓதறது அதுதான், உன்னைப் பெத்தவங்க உனக்கு எதிரின்னு. அவன் வாரா வாரம் போன் பண்ணட்டும். திட்டாம பேசுங்க. தங்கச்சி பரீட்சை எழுதினது, மாடு கன்னு போட்டது, எதையாவது சொல்லுங்க. ராத்திரி பதினோரு மணிக்கு, கையில் ஒரு பை கூட இல்லாம வந்து நின்னாலும், எங்கே போனே, ஏன் போனேன்னு அன்னிக்கு ராத்திரி கேட்காதீங்க. சாப்பிட்டியான்னு கேளுங்க.

மணி அடிச்சிட்டாரு.

(கைதட்டல்)